மிளகாய் போடாத குழம்பு

ஊருக்கே காந்தாரி மிளகாயைக் கடித்துக் காட்டுகிற மனுசன், வீட்டில் பூசணிக்காய்ச் சாம்பாருக்குக் கண் கலங்கினால், அந்தக் கூத்தை ராமலட்சுமி எங்கே போய்ச் சொல்வாள்?

"ஏண்டி, இதுல எத்தன மொளகா போட்ட? ஆளக் கொல்லப் பாக்கியா?" ராஜசேகர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நாக்கை வெளியே நீட்டிக் கையால் விசிறிக்கொண்டான்.

"ரெண்டு வத்தல். நீங்கதான எண்ணி எடுத்துக் குடுத்தீக."

"ரெண்டு வத்தல்ல இம்புட்டுக் காரம் வராது. காரத்தப் பத்தி எனக்கே பாடம் எடுக்காத."

பாடம் எடுப்பதுதான் அவன் பிழைப்பு. குமுளிக்கு வெளியே ஜோபியின் மசாலாத் தோட்டத்தில் அவன் பதினாலு வருசமாக வழிகாட்டி. சுற்றுலா வருகிறவர்களை ஏலச்செடி, மிளகுக்கொடி, கிராம்பு, ஜாதிக்காய் என்று ஒரு சுற்று சுற்றவைத்து, கடைசியில் ஜோபியின் கடைவாசலில் கொண்டுபோய் நிறுத்துவான். அந்தக் கடைக்குள் ஏலக்காயை நிறுத்துப் பொட்டலம் போடுகிறவள் ராமலட்சுமி. ஆகையால் வீட்டில் பாதி நாளும் வேலையில் மீதி நாளும் அவன் பேச்சு அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். காதுக்கு இமை வைக்காமல் விட்டது படைத்தவன் செய்த பிழை என்று அவள் முடிவுகட்டிப் பல வருசம் ஆகிறது.

சுற்றின் முடிவில் நண்பகல் காட்சி. கடைவாசலில் ஒரு மரமேசை. அதன்மேல் சின்னத் தட்டு. தட்டில் வெள்ளையும் பச்சையுமாகக் காந்தாரி மிளகாய். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும், விட்டால் ஆளைச் சுட்டுவிடும். ராஜசேகர் ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பான்.

"இனிப்புக்கு நாக்குல மொட்டு இருக்கு. புளிப்புக்கு இருக்கு, உப்புக்கு இருக்கு, கசப்புக்கும் இருக்கு. காரத்துக்கு ஒரு மொட்டாவது காட்டுங்க பாப்போம். கெடையாது. காரம்ங்கிறது ருசியே இல்லீங்க. அது வலி."

கூட்டம் கொஞ்சம் நெருங்கி வரும்.

"வாய்க்குள்ள தோலுக்கு அடியில நரம்பு நுனி ஆயிரக்கணக்குல இருக்கு. ஒவ்வொரு நுனியிலயும் சின்னச் சின்னக் கதவு. சூட்டுக் கதவு. நாப்பத்திமூணு டிகிரிக்கு மேல சூடு பட்டாத்தான் அது தொறக்கும். தொறந்தா உப்புத் துகளு உள்ள பாயும், நரம்புல கரண்டு கெளம்பும், மூளைக்குச் சேதி போகும்: வாயில தீ! இப்ப இந்தக் காந்தாரி என்ன செய்யிது? இது சுடவே சுடாது. தொட்டுப் பாருங்க, குளுகுளுன்னு இருக்கு. ஆனா இதோட எண்ணெய் அந்தக் கதவுக்குப் பொருந்துற கள்ளச்சாவி. தீ இல்லாமலே கதவு தொறந்துரும். மூளை ஏமாந்துரும். கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி, வாயெல்லாம் எச்சி, நெத்தியில வேர்வை. இல்லாத தீய அணைக்க ஒடம்பு இருக்கிற தண்ணியையெல்லாம் தொறந்துவிடுது."

சொல்லி முடித்ததும் மிளகாயை வாயில் போட்டு மென்று, கண் இமைக்காமல் நிற்பான். கைதட்டல். ஜோபி அதற்குள் கடையின் இரண்டாவது கதவையும் திறந்துவிட்டிருப்பான்.

அவன் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. ராமலட்சுமி அதை மறுக்கவும் மாட்டாள். தினமும் மென்றால் நரம்பு சலித்துப்போய்ச் சேதி அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும் என்பதும் உண்மைதான். பதினாலு வருசம் அவன் இமைக்காமல் நின்ற ரகசியம் அது. அறிவுக்கு அவனிடம் பஞ்சமே கிடையாது. சொந்த வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறிவு, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் மூன்று மாதமாக வீட்டுச் சாப்பாடு காரம். முதலில் ரசம் காரம் என்றான். அப்புறம் தேங்காய்ச் சட்னி. பிறகு தோசைப்பொடியைப் பார்த்தாலே முகம் சுளித்தான். கடைசியில் வத்தல் டப்பாவைத் தானே பூட்டிவைத்துக்கொண்டு, காலையில் எண்ணிக் கொடுத்தான். அதுவும் போதாதென்று, "இவளுக்குக் கை நிதானம் போயிருச்சு" என்று கடையில் வேலைபார்க்கிற பெண்கள் முன்னாலேயே சொன்னான். பதினெட்டு வருசம் அவள் சமையலைத் தின்று தொப்பை வளர்த்தவன் சொல்கிற பேச்சா இது?

அந்தப் பேச்சுதான் ராமலட்சுமியைச் சுட்டது. மறுத்துப் பேசிப் பயனில்லை. பேச்சு அவன் சொந்த ஊர். அங்கே போய் அவனை யாரும் ஜெயிக்க முடியாது. அதனால் அவள் சோதித்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மிளகாய் வத்தல், மிளகாய்த்தூள், மிளகு, இஞ்சி எதையும் தொடவில்லை. துவரம்பருப்பு, மஞ்சள், உப்பு, தக்காளி, கருவேப்பிலை. அவ்வளவுதான் குழம்பு. அவன் கொடுத்த இரண்டு வத்தலும் அவள் முந்தானை முடிச்சில் இருந்தன. ஆற வைத்துப் பரிமாறினாள்.

ஒரு வாய் வைத்ததும் தட்டு நகர்ந்தது. "இன்னிக்கும் ஆரம்பிச்சிட்டியா?"

திங்கட்கிழமை தக்காளியையும் எடுத்துவிட்டாள். புளிப்பும் சூட்டுக் கதவைக் கொஞ்சம் நெம்பும் என்று அவனே பத்துத் தடவை சொல்லியிருக்கிறான். வெறும் பருப்பும் உப்பும்.

"காரம்."

செவ்வாய்க்கிழமை பருப்பும் இல்லை. வெதுவெதுப்பான அரிசிக் கஞ்சி, ஒரு கல் உப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சந்தனத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். சந்தனம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். வெற்றிலை போட்டால்தான் அவளுக்கு வார்த்தை வரும். ராஜசேகரைக் கண்டால் அதிகமாகவே வரும்.

அவள் ஒரு வாய் கஞ்சியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள். "மதினி, உப்பே பத்தலையே. ஆசுபத்திரிக் கஞ்சி இதவிட நல்லாருக்கும்."

ராஜசேகர் குடித்தான். கண்ணோரம் ஈரமானது. சட்டென்று எழுந்து, ஆணியில் தொங்கிய பாக்குச் சரத்திலிருந்து ஒரு பொட்டலத்தைக் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டான்.

"என்னண்ணே, கஞ்சியும் காரமா?" என்றாள் சந்தனம். "அப்ப பச்சத் தண்ணிக்குத் தீயணைப்பு வண்டிதான் கூப்பிடணும் போல."

"ஒனக்கென்ன தெரியும்? புகையில மென்னு மென்னு ஒன் வாயி மரக்கட்ட ஆயிப்போச்சு. நரம்புன்னு ஒண்ணு இருந்தாத்தான உறைக்கும். சில பேருக்குத்தான் நுட்பமான நாக்கு அமையும்."

"மூணு நாளா நான் ஒரு மொளகா கூடப் போடல." ராமலட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆறு வத்தலையும் அவன் முன்னால் வைத்தாள். "எண்ணிப் பாத்துக்கங்க."

எண்ணினான். பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான். பிறகு, "அப்ப பாத்திரத்தச் சரியா வெளக்கல. பழைய காரம் ஒட்டிக்கிட்டிருக்கு" என்று எழுந்து போய்விட்டான்.

சந்தனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராமலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. குழம்பின் மேல் குற்றமில்லை என்றால் குற்றம் வாய்க்குள் இருக்கிறது. அது பச்சைக் குழந்தைக்கும் புரியும். அவனுக்குப் புரியாமல் போனதற்கு அவன் அறிவாளியாக இருப்பதைத் தவிர வேறு காரணம் அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பொட்டலத்துக்கும் ஒரு கதை உண்டு. ஐந்து வருசத்துக்கு முன்னால் பீடியை விட்டதும் அவன் பிடித்துக்கொண்டது அது. மெந்தால் போட்ட வாசனைப் பாக்கு. செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடையில் பூச்சரம் மாதிரி தொங்கும். வாரத்துக்கு மூன்று சரம் வாங்கிவருவான். 'புகையிலை இல்லை' என்று உறையிலேயே அச்சடித்திருக்கும். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதை வாசித்துக் காட்டுவான். மெந்தால் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லுவான்: சூட்டுக் கதவு இருக்கிற மாதிரியே வாயில் குளிர்க் கதவும் உண்டு, மெந்தால் அதற்கான கள்ளச்சாவி, பனி இல்லாமலே பனி விழுந்ததாக மூளையை நம்பவைக்கும். சொல்வது சரிதான். எரிகிற வாயில் அதைப் போட்டதும் ஒரு பத்து நிமிசம் ஜில்லென்று இருக்கும். ஆகவே எரிய எரியப் போட்டான். முன்பு நாளுக்கு நாலு பொட்டலம், இப்போது பன்னிரண்டு.

கஞ்சிக்கே கண் கலங்குகிறவன் தோட்டத்தில் காந்தாரியை எப்படி மென்றுகொண்டிருக்கிறான் என்ற கேள்வி அவளுக்கு அன்றுதான் உதித்தது. புதன்கிழமை பொட்டலம் போடுகிற கையை நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியே காட்சியை உற்றுப் பார்த்தாள்.

மிளகாய் வாய்க்குள் போனது. தாடை அசைந்தது. ஆனால் அசைந்தது தாடை மட்டும்தான். தொண்டைக்குழி ஒருதரம் ஏறி இறங்கியது, மாத்திரை விழுங்குகிறவனுக்கு இறங்குகிற மாதிரி. அதற்குப் பிறகும் தாடை சும்மா அரைத்துக்கொண்டிருந்தது.

அட, களவாணி! முழுசாக விழுங்குகிறான்.

காந்தாரியின் காரமெல்லாம் உள்ளே, விதையைத் தாங்குகிற வெள்ளைச் சதையில் இருக்கிறது. மேல்தோல் மெழுகுபோல வழவழப்பு. கிழியாத தோலோடு வழுக்கிப் போய்விட்டால் வாய்க்குச் சேதியே தெரியாது. ஆனால் ராஜசேகர் தன் பாடத்தில் சொல்லாமல் விடுகிற ஒரு பகுதி உண்டு. சூட்டுக் கதவுகள் வாயில் மட்டும் இல்லை. உணவு போகிற பாதை நெடுக, கடைசி வாசல் வரைக்கும் இருக்கின்றன. சில மாதமாகக் காலையில் கக்கூசுக்குள்ளிருந்து ஏன் அப்படி ஒரு முனகல் வருகிறது என்பது அவளுக்கு அந்த நிமிசம் விளங்கியது.

விளங்கியதும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் 'கை நிதானம் போயிருச்சு' என்ற பேச்சு இன்னும் உள்ளே கிடந்து புகைந்துகொண்டிருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. தட்டில் மிளகாய் எடுத்துவைப்பது அவள் வேலை. எப்போதும் அவன் மேலே இருக்கிற வெள்ளைக் காந்தாரியைத்தான் எடுப்பான். வெள்ளை கண்ணுக்குத் தெரியும் என்பான். அன்று அவள் மேலாக ஒன்றே ஒன்று வைத்தாள். வைக்கும் முன்பு ஆள்காட்டிவிரல் நகத்தால் காம்பிலிருந்து நுனிவரை அதன் வயிற்றைக் கீறினாள். கீறல் தெரியாதபடி கவிழ்த்து வைத்தாள். விரல் உடனே காந்த ஆரம்பித்தது. தோலிலும் அந்தக் கதவுகள் உண்டு. அதைச் சட்டை செய்யவில்லை.

"ராஜசேகரண்ணா, இன்னிக்குப் பாலக்காட்டுப் பார்ட்டி. ஒன்பது பேர் உண்டு. நல்லா செய்யணும், கேட்டோ" என்று ஜோபி வாசலிலிருந்து குரல் கொடுத்தான்.

"நான் என்னைக்கி மோசமாச் செஞ்சேன்?"

ஒன்பது பேரும் ஒரே குடும்பம். முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு, மற்றவர்களைப்போலச் செல்போனில் படம் எடுக்காமல், அவன் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேர் மாதுரி என்பது பிறகு தெரிந்தது. மொட்டு, கதவு, கள்ளச்சாவி எல்லாம் முறைப்படி வந்தன. மாதுரி இரண்டு இடத்தில் தலையை ஆட்டினாள். அதைப் பார்த்து அவன் இன்னும் நிமிர்ந்தான்.

மிளகாய் உள்ளே போனது.

அரை நொடி ஒன்றும் இல்லை. பிறகு அவன் முகத்தில் பெரிய சந்தேகம் ஒன்று எழுந்தது. அடுத்த நொடி "ஆ" என்று ஒரு சத்தம். மிளகாயைத் துப்பினான், அது தன் வேலையை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தது. கண், மூக்கு, வாய் எல்லாவற்றிலும் தண்ணீர். மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். பதினாலு வருசமாகச் சொல்லிவந்ததையெல்லாம் ஒரே மூச்சில் செய்து காட்டினான்.

கூட்டத்துக்கு அது காட்சியின் பகுதி என்றுதான் பட்டது. முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள்.

யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். "தண்ணி வேணாம்! அது எண்ணெய், தண்ணியில போகாது!" என்று கத்திக்கொண்டு ராமலட்சுமி தயிர்க் கிண்ணமும் கரண்டியுமாக ஓடிவந்தாள். தயிரில் இருக்கிற கொழுப்பும் புரதமும் அந்த எண்ணெயைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அதுவும் அவனிடம் கேட்ட பாடம்தான். வெளியே சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாயத் தொறங்க" என்றாள்.

அவன் திறந்தான். கரண்டி பல்லில் முட்டியது.

"நல்லாத் தொறங்க. என்ன, பொம்பளப் புள்ள மாதிரி?"

"தொறந்துதான இருக்கேன்" என்று அவன் முனகினான்.

அவள் கரண்டியைச் சாய்த்துப் பார்த்தாள். போகவில்லை. சின்னத் தயிர்க் கரண்டிதான். ஒரு வருசத்துக்கு முன்னால் பெரிய லட்டை இரண்டாகப் பிட்காமல் வாயில் போட்டுக்கொள்வான். இப்போது இட்லியைக் கிள்ளிக் கிள்ளித் தின்பது, வாழைப்பழத்தை நசுக்கித் தின்பது எல்லாம் மளமளவென்று அவளுக்கு ஞாபகம் வந்தது. நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அடக்கிவைத்திருந்த சிரிப்பு எங்கோ போய்விட்டது. தயிரை விரலால் தோய்த்து அவன் நாக்கில் தடவினாள்.

"சித்த நகருங்கோ, நான் பாக்கறேன்." மாதுரி பக்கத்தில் வந்து நின்றாள். "நான் பல் டாக்டர். எரிச்சல் கொறைஞ்சுதா? சரி. இப்ப ஒங்க மூணு விரலை ஒண்ணுமேல ஒண்ணா நிறுத்தி வாய்க்குள்ள விடுங்கோ பாப்போம்."

"எதுக்கு மேடம்?"

"விடுங்கோளேன். எல்லாருக்கும் போகும். இதோ, எனக்குப் போறது."

அவள் விட்டுக் காட்டினாள். அவள் குடும்பத்தில் மற்ற எட்டுப் பேரும் ஆளுக்கு ஆள் விரலை வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஜோபியும் வைத்துப் பார்த்தான். ராமலட்சுமியும் பார்த்தாள், தாராளமாகப் போனது. காந்தாரி கீறிய விரல் என்பது போன பிறகுதான் உறைத்தது.

ராஜசேகருக்கு இரண்டு விரல்கூட முழுசாகப் போகவில்லை.

மாதுரி செல்போன் விளக்கைப் போட்டு, அவன் கன்னத்தை வெளிப்பக்கமாக இழுத்து உள்ளே பார்த்தாள். ராமலட்சுமியும் எட்டிப் பார்த்தாள். மனுச வாய் உள்ளே சிவப்பாக இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இவனுடையது வெந்து வெளுத்த கறி மாதிரி இருந்தது. உள்ளே மேலும் கீழுமாக நார் இழுத்துக் கட்டினாற்போல் வரிகள்.

"வாயில என்ன போடறேள்?"

"ஒண்ணும் போடமாட்டேன் மேடம். பீடிய விட்டு அஞ்சு வருசமாச்சு. சுத்தமான வாயி."

ராமலட்சுமி அவன் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சரத்தை உருவி மேசையில் போட்டாள். "நாளைக்குப் பன்னெண்டு."

"இது புகையில இல்லாதது!" அவனுக்கு அழுகைக்கு நடுவிலும் பாடம் வந்துவிட்டது. "படிச்சுப் பாருங்க. வெறும் மெந்தால். மேடம், மெந்தால் என்ன செய்யும்னா, வாயில குளிர்க் கதவுன்னு ஒண்ணு…"

"தெரியும். நீங்க சொன்ன அத்தனையும் சரியாத்தான் சொன்னேள். நான் படிச்ச வாத்தியார் இத்தனை நன்னாச் சொல்லல." மாதுரி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆனா மெந்தால் போக மிச்சம் இதுல என்ன இருக்குன்னு யோசிச்சேளா? பாக்கு. அதுதான் வெனையே."

"பாக்கா? கலியாணத்துல வைக்கிற பாக்கா?"

"அதேதான். புகையிலை வேண்டாம், பாக்கு மட்டும் போறும் இதுக்கு."

அவள் நிதானமாகச் சொன்னாள். பாக்கில் இருக்கிற ஒரு சத்து, கன்னத்துக்குள் நார் நூற்கிற அணுக்களை ஓயாமல் வேலை வாங்கும். காயம் ஆறுகிறபோது தழும்பு இறுகுகிற மாதிரி, காயமே இல்லாமல் வாய் முழுக்கத் தழும்பாக இறுகும். நார் இறுக இறுக வாய் திறக்காது. மேல்தோல் மெலியும். மெலிந்த தோலுக்கு அடியில் நரம்பு நுனிகள் கிட்டத்தட்ட வெறுமையாக நிற்கும். அதோடு புண்பட்ட இடத்தில் சூட்டுக் கதவின் கணக்கே மாறிவிடும். நாற்பத்துமூன்று டிகிரிக்குத் திறக்க வேண்டியது உடம்புச் சூட்டுக்கே திறந்துகொள்ளும். மிளகாய் வேண்டாம், கஞ்சி போதும். சில நாள் கஞ்சியும் வேண்டாம்.

"எரியறதேன்னு மெந்தால் பாக்கைப் போடறேள். மெந்தால் எரிச்சலை மறைக்கறது. பாக்கு எரிச்சலை வளக்கறது. ஒரே பொட்டலத்துல ரெண்டும். தீயணைக்கற வண்டியில எண்ணெய ரொப்பிண்டு போற கதை."

ராஜசேகர் வாய் திறக்கவில்லை. திறக்கக்கூடிய அளவும் திறக்கவில்லை.

"எத்தன நாளாச் சாப்பாடு காரமாப் படறது?"

"மூணு மாசம்" என்றாள் ராமலட்சுமி. "என் சமையல் மேல பழியப் போட்டுக்கிட்டிருந்தாரு."

"காரம் தாங்கலைங்கறதுதான் இந்த வியாதி தர மொத சேதி. வந்த சேதிய வாங்கிப் படிக்காம, கொண்டுவந்தவாள வைதுண்டிருந்திருக்கேள்." மாதுரி குரலைத் தாழ்த்தினாள். "இது சில பேருக்குப் புத்துநோயாத் திரும்பும். பயமுறுத்தறதுக்காகச் சொல்லல. பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்கோ, ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பா. நாளைக்கே போங்கோ. அடுத்த வாரம்னு சொல்லாதீங்கோ."

அவர்கள் போன பிறகு ஜோபி துப்பிக் கிடந்த மிளகாயைக் குனிந்து பார்த்தான். "சேச்சி, இது ஆரு கீறியது?"

"நான்தான்."

ஜோபி அவளையும் பார்த்தான், அவள் புருசனையும் பார்த்தான். மிளகாய்த் தட்டை எடுத்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் கன்னத்திலிருந்து துண்டு எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் ராஜசேகர் பேசவே இல்லை. ராமலட்சுமி அவனை வையவும் இல்லை. வீடு கேட்பாரற்றுக் கிடந்தது. எட்டாம் நாள் அவளுக்கே தாங்கவில்லை, "குளிர்க் கதவு எத்தன டிகிரியில தொறக்கும்?" என்று சும்மாவாவது கேட்டுப் பார்த்தாள். அவன் பதில் சொல்லவில்லை. அன்றுதான் அவள் நிஜமாகப் பயந்தாள்.

முடிவு வந்தது. நோய் இன்னும் புற்றுநோயாகத் திரும்பவில்லை. இன்னும் என்ற சொல்லை டாக்டர் அழுத்திச் சொன்னார். இறுகியது முழுக்கப் பழையபடி ஆகாது. பாக்கை விட்டால் மேலே இறுகாமல் நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து காட்ட வேண்டும். காரம் கூடாது, சூடு கூடாது. அப்புறம், தினம் இரண்டு வேளை, வேளைக்குக் கால்மணி நேரம், ஐஸ்கிரீம் மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு இடையில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் எத்தனை போகிறதோ அத்தனை. பிறகு முடிகிறபோது ஒன்று ஒன்றாகக் கூட்ட வேண்டும்.

ஆணியில் தொங்கிய சரத்தை ராமலட்சுமி அடுப்பில் போட்டாள். மெந்தால் வாசனையில் வீடே ஜில்லென்று எரிந்தது. சந்தனத்தின் வெற்றிலைச் செல்லத்தையும் கேட்டாள். "ஏன் மதினி, என் வாயி நல்லாத்தான இருக்கு" என்றாள் சந்தனம். மூன்று விரலை வைத்துப் பார்க்கச் சொன்னாள் ராமலட்சுமி. போனது. ஆனாலும் அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட வருவதாக அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.

அன்று முதல் அந்த வீட்டில் தினமும் அரைமணி நேரம் ராஜசேகர் வாயைத் திறந்துகொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். பதினெட்டு வருசத்தில் கிடைக்காத வரம். ராமலட்சுமி அதில் ஒரு நிமிசத்தையும் வீணாக்குவதில்லை.

பதினாறு குச்சி போகிற அளவுக்கு வந்த ஒரு மாலை, அவள் அவன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவனுக்கு ஆறிய தயிர்சோறு ஓரமாக இருந்தது. அவள் தட்டில் அயிலை மீன் குழம்பு. செக்கச்செவேல் என்று, எண்ணெய் மிதந்துகொண்டு. வத்தல் டப்பாவின் சாவி இப்போது அவளிடம்.

"கேக்கேன், தலைய மட்டும் ஆட்டுங்க. என் கொழம்புல காரம் கூடவா இருந்துச்சு?"

குச்சிகளுக்குப் பின்னால் ராஜசேகர் கண்ணை மூடினான். இல்லை என்று தலையை ஆட்டினான்.

"சரியாத் தெரியல. செவத்துக்கு அங்கிட்டு சந்தனம் நிக்கிறா. அவளுக்கும் தெரியிறாப்ல ஆட்டுங்க."

ஆட்டினான். சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்த சந்தனம், "தெரிஞ்சிருச்சு மதினி" என்றாள்.

ராமலட்சுமி மீனைப் பிய்த்து ஒரு வாய் சாப்பிட்டாள். கண்ணில் நீர் முட்டியது, மூக்கு ஒழுகியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சந்தனத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பாத்தியா, இதுக்குப் பேருதான் சூட்டுக் கதவு. அறுவது டிகிரியில தொறக்கும்."

ராஜசேகரின் கண் சட்டென்று திறந்தது. "ஆ… ஊ…" என்று ஏதோ வந்தது.

"என்னது, அறுவதா?" என்றாள் சந்தனம்.

"அறுவதேதான். தோட்டத்துல தெனம் கேட்டிருக்கேன்ல."

அவன் இடது கையில் நாலு விரலையும் வலது கையில் மூன்று விரலையும் அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவன் தரையைத் தட்டினான். தப்பான ஒரு எண் இந்த உலகத்தில் திருத்தப்படாமல் நடமாடுவதை அவனால் பொறுக்க முடியவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, தாடை நடுங்க, முழுப் பலத்தோடு வாயைத் திறந்து அந்த எண்ணைச் சொல்லிவிட முயன்றான். அடுக்கிய குச்சிகள் ஒரு மயிரிழை தளர்ந்தன.

ராமலட்சுமி பக்கத்தில் தயாராக வைத்திருந்த குச்சியை எடுத்து, அந்த இடைவெளியில் செருகினாள்.

"பதினேழு" என்றாள்.